நல்லம்மாளுக்குக் கிடைத்த இரண்டு நிமிடம்

நல்லம்மாளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவள் வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு நேர்வழி இருக்கிறது. ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த வழியில் போகமாட்டாள். பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் வேர்க்க விறுவிறுக்க, கலாவதியின் தையல் கடை வாசலைத் தாண்டித்தான் போவாள். தாண்டும்போது தலை திரும்பாது. கண்ணை மட்டும் ஒரு ஓட்டு ஓட்டி, வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிடுவாள். நான்கு ஜோடி கிடந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. ஒன்றும் இல்லையென்றால் மீன்காரனிடம்கூடச் சிரித்துப் பேசுவாள்.

மலேசியாவில், கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில், எண்பத்தேழாம் ஆண்டில், இரண்டு தமிழ்த் தையல்காரிகள் இருந்தார்கள். நல்லம்மாள் ஒருத்தி, கலாவதி ஒருத்தி. இருவரும் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்து மண்டபத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்தபோது இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். நல்லம்மாள் முதல் தடவையிலேயே தேறிச் சான்றிதழ் வாங்கினாள். கலாவதிக்குக் காலர் தைக்கவே வராது. இரண்டாம் தடவைதான் தேறினாள், அதுவும் நல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துப் பிரித்துத் தைத்துக் காட்டியதால். கை வேலையில் நல்லம்மாளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அவள் தைத்த ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் இது யாருக்குத் தெரியும்? அதுதான் சிக்கல். நல்லம்மாளின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முடிவெட்டும் கடையை ஒட்டிய அரை அறையில் இரண்டு மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பலக எதுக்கு? தெரிஞ்சவங்களுக்குத் தெரியும் லா," என்பாள். தன்னைப் பற்றித் தானே பேசுவது அவளுக்குப் பிடிக்காது. பேசத் தெரியாது என்பதைத்தான் அவள் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டாள்.

கலாவதிக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. நல்லம்மாள் கடை போட்டு மூன்று வருஷம் கழித்துத்தான் டவுனுக்கு வந்தாள். வந்த வாரமே பஸ் நிலையத்துக்கு எதிரில் சிவப்பு எழுத்தில் 'கலா தையல் நிலையம்' என்று பலகை ஏறிவிட்டது. அதில் ஒரு டெலிபோன் நம்பர் வேறு. அந்த டெலிபோன் பக்கத்துக் காப்பிக் கடையினுடையது. பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில், கிளினிக் வரிசையில், கோயில் பந்தியில், எங்கே பார்த்தாலும் கலாவதி யாரிடமாவது போய், "என் பேரு கலாவதிங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல தையல் கடை. உங்க பாஜு தோள்பட்டையில இறங்குது பாருங்க, கொண்டாங்க, நான் சரி பண்ணித் தரேன்," என்று சிரிப்பாள். ஒரு தடவை கருமாதி வீட்டிலேயே இதைச் செய்தாள். நல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, இன்றைக்கு இவளை நாலு பேர் திட்டப் போகிறார்கள் என்று காத்திருந்தாள். யாரும் திட்டவில்லை. மறுவாரம் அந்த வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் கலாவதியிடம் அளவு கொடுத்தார்கள்.

நல்லம்மாளுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாக எரிந்தது. கலாவதி தைத்த பள்ளிக்கூடச் சட்டை தெருவில் போனால் அவள் கண் நேராகக் கை மடிப்புக்குப் போகும். "பாருங்க, பாருங்க, கோணல். இத காசு குடுத்து வாங்கிப் போட்டிருக்காங்க," என்று கணவன் பாலனிடம் காட்டுவாள். பாலன் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுபவன். அவனுக்குச் சட்டை சட்டையாகத்தான் தெரியும்.

"கோணலா இருந்தாலும் ஊரே அங்கதானே தைக்குது," என்றான் ஒரு நாள். நல்லம்மாள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை. சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு வேலைக்கு ஆள் குறைந்துவிட்டது. நல்லம்மாளிடம் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதிப் பேர் ரவாங் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரைக் கலாவதி வாயால் இழுத்துக்கொண்டாள். இரண்டு மெஷினில் ஒன்று துணி போர்த்தியபடியே இருந்தது. தீபாவளிக்குள் ஏதாவது பெரிய வேலை வராவிட்டால் கடையை மூடிவிட்டு அவளும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற வேண்டியதுதான் என்று அவளும் பாலனும் பேசி முடிவு செய்திருந்தார்கள். அந்த பஸ் தினமும் விடியற்காலையில் கடை வாசலில்தான் நின்று ஆள் ஏற்றும். அதன் ஹாரன் சத்தம் கேட்டால் நல்லம்மாள் கதவைப் பாதி சாத்திக்கொள்வாள்.

அந்த நேரத்தில்தான் பாலன் ஒரு சேதி கொண்டுவந்தான். ரவாங்கில் அச்சகம் வைத்திருக்கும் தங்கராஜு என்பவர் தமிழ்ச் சிறு வியாபாரிகளைச் சேர்த்து ஒரு சங்கம் நடத்துகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் கூட்டம். வருகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தான் யார், என்ன தொழில் என்று இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். புதிதாக வந்திருக்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலையின் ஆபீசர் நடராஜாவும் அங்கே வருகிறார். தொழிலாளர்களுக்கு முந்நூறு சட்டை தைக்க ஆள் தேடுகிறாராம்.

"முந்நூறா?" என்றாள் நல்லம்மாள்.

"முந்நூறுதான். நீ போய் எந்திரிச்சு மூணு விஷயம் சொன்னா போதும். பேரு, ஊரு, தொழிலு. சொல்லிட்டு உக்காரு."

அந்த வாரம் முழுக்க ஒத்திகை நடந்தது. பாலன் சாப்பிட்டுக்கொண்டே இடது கையிலிருந்த கடிகாரத்தைப் பார்ப்பான். நல்லம்மாள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொல்வாள். முதல் நாள் "என் பேரு" என்று தொடங்கி அதற்கு மேல் வராமல் சிரித்துவிட்டாள். நான்காம் நாள் அரை நிமிடத்தில் முழுக்கச் சொன்னாள். பாலன் சோற்றுக் கையோடு தொடையில் தட்டினான். கலாவதியிடம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரவாங் பஸ்ஸில் ஏறினால், முன் இருக்கையில் கலாவதி.

புதுச் சேலை. அவளே தைத்த ரவிக்கை. கை கோணல்தான், ஆனால் நிறம் அவளுக்கு எடுப்பாக இருந்தது. அதுவே நல்லம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா! நீங்களும் கூட்டத்துக்கா? நல்லதா போச்சு, எனக்கும் தொணைக்கு ஆளாச்சு," என்று பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள் கலாவதி. வேறு இடம் இல்லை. ரவாங் வரைக்கும் நல்லம்மாள் ஜன்னலுக்கு வெளியே செம்பனையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். மேசைமேல் ஒரு பித்தளை மணி. தலைவர் தங்கராஜு எழுந்து, "இங்க மரியாத பேச்செல்லாம் வேணாங்க. தலைவர் அவர்களே, சபையோர்களேன்னு ஆரம்பிச்சா அதுலயே நேரம் போயிடும். நேரா விஷயத்துக்கு வாங்க. ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னா மணி அடிச்சிருவேன்," என்றார்.

அவர் உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் யாரும் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. கோயில் திருவிழாக் கூட்டமோ தீபாவளி விருந்தோ, எழுந்து நின்றவன் தலைவரை விளிக்க வேண்டும், செயலாளரை விளிக்க வேண்டும், தாய்மார்களை விளிக்க வேண்டும், தனக்கு முன்னால் பேசியவரை நாலு வார்த்தை புகழ வேண்டும். பிறகுதான் தன் பேச்சு. அதை விட்டுவிட்டு நேராகத் தன்னைப் பற்றி ஆரம்பிப்பவன் வளர்ப்பு சரியில்லாதவன். தலைவர் வேண்டாம் என்று சொல்வதுகூட ஒரு பணிவுதானே! டயர் கடை முருகையா எழுந்து ஏழு பேரை விளித்து முடித்தபோது மணி அடித்துவிட்டது. டயர் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அடுத்துக் கலாவதி எழுந்தாள்.

"வணக்கம். என் பேரு கலாவதி. பத்தாங் பெர்ஜுந்தையில கலா தையல் நிலையம் வச்சிருக்கேன். வேலைக்குப் போறவங்க போடுற சட்ட தைக்கிறதுதான் எங்க கடையோட வேல. குனிஞ்சா நிமிந்தா கிழியாது, துவைச்சா சுருங்காது. உங்க ஆளுங்களுக்கு அளவெடுக்கணும்னா நீங்க அனுப்ப வேணாம், நான் உங்க வாசலுக்கே வரேன்."

பேசும்போது அவள் பார்த்தது மூன்றாம் வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த ஒரே ஒருவரை. அவர்தான் நடராஜா. மணிக்கு முன்பே முடித்துவிட்டு, கும்பிட்டு உட்கார்ந்தாள். 'எங்க கடை'யாம்! அந்தக் கடையில் அவளைத் தவிர ஒரு நாற்காலிதான் இருந்தது.

நல்லம்மாளுக்குக் காது மடலெல்லாம் சூடேறியது. தலைவருக்கு ஒரு வார்த்தை மரியாதை இல்லை. பெரியவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தரையாவது விளித்தாளா? நான், எனக்கு, என் கடை! இவளுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தச் சபை பார்க்கட்டும். முதலில் முறையாக மரியாதை செய்வோம். பிறகு இவளை நாலு வார்த்தை தூக்கிப் பேசி, அப்படியே கீழே போட்டு, காலர் கதையைச் சொல்லி, கடைசியில் நம் பெயரைச் சொல்வோம். எழுந்து நிற்பதற்குள் இந்தத் திட்டம் அவள் மனதில் தயாராகிவிட்டது. ஒரு வார ஒத்திகை எங்கே போனதோ தெரியவில்லை.

"பெருமதிப்புக்குரிய தலைவர் ஐயா தங்கராஜு அவர்களே," என்று நிறுத்தி நிதானமாகத் தொடங்கினாள். தன் குரல் நடுங்காததைக் கண்டு அவளுக்கே ஆச்சரியம். "செயலாளர் அவர்களே, ரவாங் வட்டார வணிகப் பெருமக்களே, என்னைப் பெற்ற தாய்க்குச் சமமான தாய்மார்களே, வணக்கம். எனக்கு முன்னால் பேசி அமர்ந்த சகோதரி கலாவதி அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. நாங்கள் ஒரே தோட்டம், ஒரே லயம். சின்ன வயதிலிருந்தே அவரை எனக்குத் தெரியும். சோம்பல் என்றால் என்னவென்று தெரியாதவர். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுவார். இன்றைக்குப் பத்தாங் பெர்ஜுந்தையில் தையல் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கலாவதி கடையைத்தான் கைகாட்டும். ஆனால்..."

மணி அடித்தது.

சபை கை தட்டியது. முருகையா எழுந்து நின்றே தட்டினார். கைதட்டலுக்கு நடுவில் நல்லம்மாள் மறுபடியும் "ஆனால்" என்றாள். தலைவர் அடுத்த ஆளைக் கைகாட்டிவிட்டார். அவள் உட்கார்ந்தாள். கலாவதி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கலாவதியின் கண் கலங்கியிருந்தது. "அக்கா, எங்கூடப் பொறந்தவங்ககூட என்னப் பத்தி இப்படிப் பேசினது இல்லக்கா," என்றாள்.

தேநீர் நேரத்தில் நடராஜா நேராகக் கலாவதியிடம் வந்தார். நல்லம்மாள் இரண்டடி தள்ளி நின்று, ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்தம்மா யாரு? உங்க சொந்தமா?"

"இல்ல சார், எங்க ஊரு அக்கா."

"சொந்த ஊர்க்காரங்களே ஒருத்தரப் பத்தி இவ்வளவு நல்லதா சொல்றது லேசு இல்ல. நீங்க திங்கக்கிழம ஆபீசுக்கு வாங்க."

நல்லம்மாளின் பெயரை அவர் கேட்கவில்லை. தொழில் கேட்கவில்லை. கேட்பதற்கு அவளும் எதுவும் சொல்லியிருக்கவில்லையே. வீட்டுக்கு வந்து பாலனிடம், "வேற ஆளுக்குப் போயிருச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய் அழுதாள். அந்த வேலையைக் கலாவதி வாங்கவில்லை, தான்தான் எடுத்துக் கொடுத்தோம் என்பதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேல் வரவேண்டிய கோபமும் கலாவதிமேலேயே வந்தது.

பத்து நாள் கழித்துக் கலாவதி துணிக் கட்டுகளோடு அவள் கடை வாசலில் வந்து இறங்கினாள். நீல நிறத் துணி, நான்கு கட்டு.

"வாய் முந்நூறுன்னு சொல்லிருச்சுக்கா, கை அவ்வளவு தூரம் போகல. அஞ்சு வாரந்தான் இருக்கு. நூத்தம்பது நீங்க தைங்க. கூலிய சரிபாதியா வச்சிக்குவோம். உங்களத் தவிர எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க."

துணியைத் தூக்கி ரோட்டில் எறிய வேண்டும்போல் இருந்தது நல்லம்மாளுக்கு. முடிவெட்டும் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். துணி போர்த்திய மெஷின் ஒரு பக்கம் கிடந்தது. "வச்சிட்டுப் போ," என்றாள்.

கலாவதி போகும்போது ஒரு சின்னப் பையையும் வைத்துவிட்டுப் போனாள். திறந்து பார்த்தால், விரல் அகலத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் 'கலா' என்று நெய்திருந்தது. காலரின் உள்பக்கத்தில் ஒவ்வொரு சட்டைக்கும் ஒன்று வைத்துத் தைக்க வேண்டும்.

நூற்றைம்பது தடவை. நல்லம்மாள் தன் கையால், தன் மெஷினில், தான் வெட்டித் தைத்த காலரில், அந்தப் பெயரை வைத்துத் தைத்தாள். பத்தாவது சட்டையில் பல்லைக் கடித்தாள். நாற்பதாவது சட்டையில் அந்த இரண்டு எழுத்தும் கண்ணை மூடினாலும் தெரிந்தது. சட்டை என்னவோ ஒன்றுக்கொன்று மாறாமல் அச்சில் வார்த்த மாதிரி வந்தது. மோசமாகத் தைக்க அவளுக்கு வராது. நன்றாகத் தைக்கத் தைக்க எவளோ ஒருத்தியின் பெயர் வாழும். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. பொத்தான் தைக்கிற வேலை. நான்கு துளையிலும் மூன்று சுற்று நூல் ஓட்டி, அடியில் சுற்றி, முடிச்சுப் போடுவது அவள் வழக்கம். ஒரு சட்டையை எடுத்து ஒரே ஒரு சுற்று ஓட்டி, முடிச்சுப் போடாமல் நூலை வெட்டினாள். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தடவை துவைத்தால் கழன்று விழும். தொழிற்சாலை மெஷின் முன்னால் குனியும் ஒருவனின் சட்டை நடுவில் பிளந்துகொண்டு, எல்லாரும் சிரித்து, அவன் கழற்றிக் காலரைத் திருப்பிப் பார்ப்பதாக நினைத்தாள். அங்கே யார் பெயர் இருக்கும்? நினைக்கவே இனிப்பாக இருந்தது. இருபது சட்டைக்கு அப்படித் தைத்தாள். தைக்கும்போது ஒரு பாட்டுகூட முணுமுணுத்தாள்.

சட்டைகளைக் கொடுக்கும் நாளில் கலாவதி ஒரு வேன் பிடித்து வந்து, "நீங்களும் வாங்கக்கா," என்று விடாப்பிடியாக ஏற்றிக்கொண்டாள். நல்லம்மாளுக்கு மறுக்கத் தோன்றவில்லை. உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு, எப்படியும் அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று.

நடராஜாவின் அறையில் மூட்டைகளைப் பிரித்து மேசைமேல் வைத்தார்கள். அவர் விவரமான மனிதர். ஒரு சட்டையை எடுத்து நேராக உள்பக்கம் திருப்பினார். கலாவதி தைத்ததில் நாலைந்து, நல்லம்மாள் தைத்ததில் நாலைந்து. பிறகு நல்லம்மாளின் சட்டை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதும் அதும் ஒரே கை இல்லையே," என்றார். "இது யாரு தச்சது?"

நல்லம்மாள் தரையைப் பார்த்தாள். கலாவதி பொய் சொல்லப் போகிறாள், எல்லாம் எங்க கடைதான் சார் என்று இளிக்கப் போகிறாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். சொல்லட்டும்.

"இவங்க தச்சது சார்," என்றாள் கலாவதி. "இவங்க பேரு நல்லம்மாள். பத்தாங் பெர்ஜுந்தையில, முடிவெட்டுற கடைய ஒட்டி, தையல் கடை வச்சிருக்காங்க. பதினாலு வருஷமா தைக்கிறாங்க. எனக்குக் காலர் வைக்கக் கத்துக்குடுத்ததே இவங்கதான். அன்னிக்கிக் கூட்டத்துல என்னப் பத்திப் பேசினாங்களே, அவங்கதான் சார். தன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லிக்க மாட்டாங்க. எங்க பக்கத்துல இவங்களுக்கு மேல தைக்க ஆள் இல்ல."

மூச்சு விடாமல் சொன்னாள். பெயர், ஊர், தொழில், எதுவும் விடுபடவில்லை. நடராஜா பேனாவைத் திறந்து ஒரு புத்தகத்தில் எழுதினார். "நல்லம்மாள்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "அடுத்த மாசம் ரெண்டாவது செக்ஷன் தொறக்குறோம்மா. அதுக்கு இன்னொரு முந்நூறு செட் வேணும். இந்தத் தடவ நேரா உங்ககிட்டயே குடுத்துடறேன். கலாவதி, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன சார். அவங்க வேலைக்கு அவங்களுக்குத்தான் குடுக்கணும்," என்றாள் கலாவதி.

நல்லம்மாளுக்கு ஒரு நிமிடம் உலகமே குளிர்ந்த மாதிரி இருந்தது. கடை மூட வேண்டாம். பஸ்ஸில் ஏற வேண்டாம். அவள் பெயர் ஓர் ஆபீசர் கையால் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த நிமிடம் அவள் கண் மேசைமேல் இருந்த மூட்டைக்குப் போனது. அந்த இருபது சட்டையும் அதற்குள்தான் இருந்தன. இனிமேல் பொத்தான் கழன்று விழுந்தால் காலரில் யார் பெயர் இருந்தால் என்ன? நடராஜாவின் புத்தகத்தில் இருப்பது அவள் பெயர்.

"சார்," என்றாள். "அந்த மூட்டைய ஒரு நாளைக்கு நான் எடுத்துட்டுப் போறேன். சின்ன வேல ஒண்ணு பாக்கி இருக்கு."

"என்ன வேல? எல்லாம் நல்லாத்தானே இருக்கு. நாளைக்குக் காலையில ஆளுங்க போட்டாகணும். பெரிய முதலாளி வராரு."

"சும்மா, நூலு வெட்டணும்..."

"அதெல்லாம் பரவால்ல லா," என்று அவர் மூட்டையைத் தன் பக்கம் இழுத்தார்.

வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாம். பொத்தான் விழ இரண்டு வாரம் ஆகும். விழுந்தால் நூல் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இதையெல்லாம் நல்லம்மாள் நினைத்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் கை தானாக மூட்டைக்குள் போய், ஒரு சட்டையை இழுத்து, மேல் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அது நூலோடு கையில் வந்தது.

"இருவது சட்ட இப்படி இருக்கு சார்," என்றாள். "நான்தான் இப்படித் தச்சேன். தெரிஞ்சே தச்சேன்."

நடராஜா கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா?"

நல்லம்மாளின் பார்வை காலரில் இருந்த சிவப்பு எழுத்தில் போய் நின்றது. கலாவதி அந்தப் பார்வையைப் பார்த்தாள். முதலில் புரியாமல் சிரித்தாள். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, முகம் கறுத்தது. நடராஜாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. புத்தகத்தை மூடி இழுப்பறையில் வைத்தார். "இங்கயே உக்காந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த வேலயப் பத்தி அப்புறம் பாக்கலாம்," என்று எழுந்து போய்விட்டார்.

காவல்காரர் அறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. இருவரும் அதில் உட்கார்ந்து இருபது சட்டைக்கும் பொத்தான் தைத்தார்கள். கலாவதி எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. பத்துச் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல் தைத்தாள். அவள் போட்ட சுற்று ஒன்று இறுக்கம், ஒன்று தளர்ச்சி. நல்லம்மாள் அதைப் பார்த்தாள். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள். வேலை முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்து, தொழிற்சாலை பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடினார்கள்.

கடைசிப் பொத்தானை முடித்து நூலைப் பல்லால் கடித்தாள் கலாவதி. ஊசியைத் தாளில் குத்திப் பையில் போட்டாள். பிறகு நல்லம்மாளை நேராகப் பார்த்தாள்.

"அக்கா, உங்க பேர நான் இன்னும் எத்தன எடத்துல வேணும்னாலும் சொல்லியிருப்பேன்," என்றாள். "இனிமே சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்குங்க."

சொல்லிவிட்டு எழுந்து வேனை நோக்கி நடந்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை, ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நல்லம்மாள் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கம் பிறகுதான் வந்தது. அந்த வார்த்தையைக்கூட இவள் எவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்டுப் போகிறாள் என்றுதான் அவளுக்கு முதலில் எரிந்தது.